பல படமும் ஒரு பாடமும்

பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பெரியோர் ஒரே ஏட்டினை நம்பிப் பாடம் துணிந்தவர் அல்லர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் வெளியிட்டபொழுது, பிரதிகளைத் தேடிப்பெற்று ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே பதிப்பித்தனர். அதன் காரணம் எளிது. ஏடு பெயர்த்தெழுதுவோன் ஒருவன் ஓரிடத்தில் தவறுவான். மற்றொருவன் வேறோரிடத்தில் தவறுவான். இருவரும் ஒரே எழுத்தில் ஒரே விதமாகத் தவறுதல் அரிது. ஆகவே பிரதிகளை ஒருங்கு வைத்துப் பார்க்குங்கால் தவறுகள் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்து விலக, நூலாசிரியர் வாக்கு எஞ்சி நிற்கும்.

இம்முறையே இக்காலத்தில் ஒளிப்படக் கலையிலும் கையாளப்படுகின்றது என்று கூறின், இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் சிலர் வியக்கக்கூடும். ஒரே பொருளைப் பதினாறு முறை படம் எடுத்து, அப்பதினாறையும் கணினியிற் கூட்டி ஒரு படமாக்கினால், தனிப்படத்தில் இல்லாத தெளிவு பிறக்கின்றது. யாம் கணித வல்லுநர் அல்லேம், தமிழாசிரியரே. ஆயினும் பாடவேறுபாடு ஆராய்வோருக்கு இதனினும் எளிதாக விளங்கும் கணிதம் வேறில்லை என்பது எம் கருத்து. வீட்டிலே பழைய ஏடோ, உறுதியோ, பாட்டனார் படமோ வைத்திருப்போர் இதனைப் பயிலல் வேண்டுமென்னும் நோக்கத்தால் இக்கட்டுரையை வரைகின்றோம்.

முதலில் நோயை அறிதல் வேண்டும். மாலைவேளையில் மங்கிய விளக்கின் கீழே கைத்தொலைபேசியால் ஓர் ஓலையைப் படம் எடுத்து, அதனைப் பெருப்பித்துப் பாருங்கள். ஓலையின் நிறம் ஒரு சீராக இராது. நுண்மணல் தூவினாற்போலக் கருமையும் செம்மையும் பசுமையுமாகப் புள்ளிகள் நிறைந்திருக்கும். இதனைப் படத்தின் இரைச்சல் என்பர். கண்ணாற் காணும் குற்றத்துக்குக் காதின் பெயரை இட்டது பொருந்துமோ எனில், வானொலியில் நிலையம் சரியாக அகப்படாதபோது எழும் இரைச்சலும் இதுவும் ஓரினத்தனவாதலின் பொருந்தும் என்க.

இது தோன்றுவது எவ்வாறு? ஒளியானது தாரையாக ஓடும் நீர் போன்றதன்று. துளி துளியாக விழும் மழை போன்றது. முற்றத்திலே ஒரே அளவான இரண்டு கிண்ணங்களை வைத்தால், ஒரு நொடியில் இரண்டிலும் விழும் துளிகள் எண்ணிக்கையில் ஒத்திரா. படக்கருவியினுள்ளே பிக்சல் எனப்படும் படப்புள்ளி ஒவ்வொன்றும் அத்தகைய ஒரு கிண்ணமே. சராசரியாக 100 துளி விழவேண்டிய இடத்தில் ஏறக்குறையப் 10 துளி கூடியோ குறைந்தோ விழும். அது நூற்றுக்குப் பத்து. 10,000 துளி விழும் இடத்தில் வேறுபாடு 100 ஆகும். அது நூற்றுக்கு ஒன்றே. பகல் வெயிலில் எடுத்த படம் துப்புரவாகவும் இருளில் எடுத்த படம் மணற்பாங்காகவும் இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. கருவியின் மின்னுறுப்புகள் தாமும் சிறிது இரைச்சலைச் சேர்க்கும்.

இனி மருந்து. ஓலையின் ஓரிடத்து உண்மையான ஒளியளவு 100 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து படங்களில் அவ்விடம் 94, 107, 99, 102, 98 எனப் பதிவாகின்றது. ஒன்றேனும் 100 அன்று. ஆயினும் ஐந்தையும் கூட்டினால் 500. ஐந்தாற் பிரித்தால் 100. எப்பொழுதும் இத்துணைச் சரியாக அமையாது எனினும், போக்கு இதுவே. இரைச்சல் குறையும் அளவுக்கு ஒரு விதி உண்டு. நான்கு படங்களைக் கூட்டினால் இரைச்சல் பாதியாகும், ஒன்பதாயின் மூன்றிலொன்று, பதினாறாயின் நான்கிலொன்று. அஃதாவது படங்களின் தொகைக்கு வர்க்கமூலம் கண்டு, அதனால் இரைச்சலைப் பிரித்தல். இவ்விதியாற் பேராசைக்கு இடமில்லை. பதினாறிலிருந்து மேலும் பாதியாகக் குறைக்க விரும்புவோன் அறுபத்து நான்கு படம் எடுத்தல் வேண்டும். வீட்டு வேலைக்குப் பதினாறு போதும் என்பதே எம் முடிபு.

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இடுதல் புதுமையன்று. பிரான்சிஸ் கோல்ற்றன் என்னும் ஆங்கிலேயர் 1878இலேயே பலர் முகங்களை ஒரே தகட்டிற் பதித்துக் குற்றவாளிகளின் பொதுமுகத்தைக் காண முயன்றார். கிடைத்த கூட்டுமுகமோ தனிமுகங்களிலும் அழகாக இருந்தது! அவர் தேடியது கிட்டவில்லை. எமக்கு வேண்டியது அதனுட் கிடக்கின்றது. வானியலாரும் மங்கிய விண்பொருள்களை இவ்வாறே பல படம் கூட்டிக் காண்கின்றனர்.

எமக்கு இதனால் ஆவது யாது? ஏட்டெழுத்தின் இயல்பை நினைவு கூர்க. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது வழக்கமன்று. இட்டால் ஓலை பொத்துப்போகும். எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு காட்டார். ரகரமும் காலும் ஒன்றுபோலவே கிடக்கும். ஆகவே படிப்போனுக்குள்ள துணை எழுத்தாணிக் கீறல் ஒன்றே. அக்கீறலோ மயிரிழை போன்றது. மையாடல் மங்கிய ஓலையில் அதுவும் அரைகுறை. இந்நிலையில் படம் தானாகவே ஆயிரம் பொய்ப்புள்ளிகளைத் தூவுமாயின் ஏடு படிப்போன் என் செய்வான்?

மேலும், எம்மவரிடம் எஞ்சியிருப்பவை மிகச் சில. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது ஏறக்குறைய 97,000 நூல்களும் பெறற்கரிய ஏடுகளும் சாம்பராயின. 1983 யூலையில் கொழும்பிலே தமிழர் இல்லங்கள் எரிந்தபொழுது அலுமாரிகளில் இருந்தவையும் உடன் எரிந்தன. ஆதலால் வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பு ஒன்றில் இன்று ஒரு கட்டு ஏடு இருக்குமாயின், அதற்கு இணைப்பிரதி வேறெங்கும் இல்லை என்று கொள்வதே பொருத்தம். தாமோதரம்பிள்ளை அவர்களுக்கு வாய்த்த பல பிரதிகள் எமக்கு வாயா. ஒரே ஏட்டைப் பல முறை படம் எடுத்தல் மூலநூலின் வழுக்களைத் தீர்க்காது. ஆனால் அவ்வேட்டிலே உள்ளது யாது என்பதையாவது ஐயமறக் காட்டும்.

செய்முறைக்கு வருவோம். ஓலையை மேசைமேற் கிடத்தி, காற்றாடியை நிறுத்துக. ஓலை அசைந்தால் எல்லாம் வீண். பிளாஷ் ஒளியை விலக்கி, ஒரு விளக்கைப் பக்கவாட்டிலே தாழ வைத்தால் கீறல்களின் நிழல் தெரியும். கருவியை முக்காலித் தாங்கியில் நிறுத்தி, ஒளியளவையும் குவியத்தையும் கையாலே நிலைப்படுத்துக. கருவி தானே மாற்ற விடலாகாது. எம் நாட்டு மின்சாரம் 50 சுற்றுடையதாகலின் குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். படம் பிடிக்கும் நேரம் ஐம்பதிலொரு நொடிக்குக் குறையாமல் இருத்தல் நன்று. பொத்தானைக் கையால் அழுத்தாது, காலந்தாழ்த்திப் பிடிக்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்துக. வெள்ளவத்தையிலே கடற்கரை ஓரமாகக் குடியிருப்போர் புகையிரதம் கடந்து போகும்வரை பொறுத்தலும் வேண்டும். கட்டடம் அதிர்வது எமக்குத் தெரியாவிடினும் படத்துக்குத் தெரியும்.

படங்களைக் கணினியில் ஒரு தனிக் கோப்புறையில் இட்ட பின், சுட்டியாற் சொடுக்கும் செயலிகளை விடுத்து, கட்டளைவரி என்னும் கறுப்புச் சாளரத்தைத் திறக்குமாறு யாம் பரிந்துரைக்கின்றோம். அதனைக் கண்டு அஞ்சுவோர் பலர். அங்கே எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஒழுங்காக நின்றால் வாக்கியம் நிறைவேறும், அவ்வளவே. எழுதிய வாக்கியத்தை ஏட்டிற் குறித்து வைத்தால் அடுத்த ஓலைக்கும் அதுவே உதவும் என்பது பெரும் பயன். வேண்டிய கருவிகள் இரண்டு. இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை.

முதலாவது, ஹூஜின் என்னும் தொகுப்போடு வரும் 'அலைன் இமேஜ் ஸ்ராக்' என்னும் கட்டளை. இம்மூன்று சொற்களையும் அடிக்கோட்டால் இணைத்து ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதுக. அதன்பின் கழித்தற்குறியும் 'ஏ' என்னும் எழுத்தும் இட்டு, புதிய கோப்புகளுக்கு ஒரு முற்பெயர் கொடுத்து, இறுதியிற் படங்களின் பெயர்களைத் தருக. அது முதற் படத்தை அளவாகக் கொண்டு மற்றவற்றை நகர்த்தியும் திருப்பியும் எழுத்தின்மேல் எழுத்து விழுமாறு பொருத்தித் தரும். இரண்டாவது, 1990இல் வெளியான இமேஜ்மஜிக். அதன் இக்காலக் கட்டளை 'மஜிக்'. பழைய பதிப்புகளில் 'கொன்வேர்ட்'. கட்டளைப் பெயர், பொருத்திய படங்களின் பெயர்கள், கழித்தற்குறியோடு கூடிய 'எவலுவேற் சீக்குவன்ஸ்', அதற்கேற்ற கணக்கின் பெயர், விளைபடத்தின் பெயர் என்பது முறை. முன்னைய கட்டளையில் அடிக்கோடு நின்றதுபோல ஈண்டு 'எவலுவேற்' என்பதற்கும் 'சீக்குவன்ஸ்' என்பதற்கும் இடையே கழித்தற்குறி நிற்கும். விளைபடத்தை ரிப் வடிவிற் சேமிக்க. ஜேபெக் வடிவில் இட்டால் உழைத்துப் பெற்ற நுண்மை சுருங்கிப்போகும்.

கணக்கின் பெயர் என்றோமே, அது இருவகை. 'மீன்' என்பது சராசரி; மேலே கூறியது. 'மீடியன்' என்பது இடையம்; எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுநின்றதை எடுப்பது. இரைச்சலை மட்டும் நோக்கின் சராசரியே சிறிது சிறந்தது. ஆனால் மேலைக் கணக்கில் ஐந்தாம் படத்தின்போது ஓலைமேல் ஒரு மின்னல் ஒளி பட்டு, 98க்குப் பதில் 255 பதிந்ததாகக் கொள்க. சராசரி 131க்கு ஏறிவிடும். இடையமோ 102இல் நிற்கும். ஒரு பிரதிக்காரன் மட்டும் பெரும்பிழை செய்தால் அவனைச் சபையில் வைத்துக்கொண்டே அவன் சொல்லைத் தள்ளுவது இடையத்தின் குணம். கொட்டாஞ்சேனையிலே ஒரு வீட்டில் பாட்டனார் படம் ஈரத்தாற் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. கழற்றினால் முகம் உரிந்துபோகும். தெருவிற் செல்லும் வண்டிகளின் ஒளி கண்ணாடியில் விழுந்துகொண்டேயிருந்தது. இருபது படங்கள் எடுத்து இடையம் கண்டபொழுது, ஒவ்வொன்றிலும் வெவ்வேறிடத்தில் விழுந்த ஒளி நீங்கி முகம் நின்றது. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழுந்த யன்னல் நிழல் மட்டும் அகலவில்லை.

அந்நிழல் ஒரு பெரிய வரம்பைக் காட்டுகின்றது. பிரதிகள் அனைத்தும் ஒரே தாய்ப்பிரதியிலிருந்து வந்தனவாயின், தாயின் பிழை எல்லாவற்றிலும் இருக்கும். நூறு பிரதி ஒப்பிட்டாலும் அது வெளிப்படாது. படக்கருவியிலும் பழுதுற்ற சில புள்ளிகள் எப்பொழுதும் ஒரே இடத்தில் ஒளிர்ந்து நிற்பதுண்டு. இதற்கு யாம் கொள்ளும் உபாயம், நான்கு படத்துக்கு ஒருமுறை தாங்கியை நெல்லிடை நகர்த்துதல். எழுத்துகளைப் பொருத்தும்போது பழுதுப்புள்ளிகள் சிதறிப்போக, இடையம் அவற்றைத் தள்ளிவிடும். ஆனால் பொருளிலேயே அழிந்ததை இம்முறை மீட்காது. காலியிலே 1911இல் அகப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டிருக்கும் மும்மொழிக் கல்லை நினைக்க. சீனத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லிலே சீனமும் தமிழும் பாரசீகமும் உள்ளன. பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்தது. ஆயிரம் படம் கூட்டினாலும் தேய்ந்த எழுத்துத் தேய்ந்ததாகவே, ஆனால் மிகத் தெளிவாகத் தேய்ந்ததாகத் தெரியும். அதுவும் ஆராய்வோனுக்கு வேண்டிய செய்தியே.

வெள்ளவத்தையில் எம் பழைய மாணவர் ஒருவர் இல்லத்து வைத்திய ஏட்டில் நேர்ந்ததை ஈண்டுச் சொல்லுதல் தகும். ஒரு சரக்கின் நிறை கழஞ்சுக்கணக்கிற் குறிக்கப்பட்டிருந்தது. எண் ௧ ஆகவும் தோன்றியது, ௪ ஆகவும் தோன்றியது. ககர வடிவினதாகிய ஒன்றுக்கும் சகர வடிவினதாகிய நான்குக்கும் வேற்றுமை வலப்புறத்து வளைவிலேயே அடங்கும். தனிப்படத்தில் அவ்வளைவு இருந்த இடம் முழுவதும் மணல். வீட்டார் கைத்தொலைபேசியில் உள்ள அழகூட்டும் செயலியாற் படத்தை மெருகிட்டனர்; இரைச்சல் மறைந்தது, ஐயத்துக்கிடமின்றி ௪ என்று தெரிந்தது. பின்னர் பதினாறு படம் எடுத்து முன்கூறியவாறு கூட்டினோம். மையற்ற மெல்லிய கீறலாக வளைவு கிடந்தது, எண் ௧. மெருகிடும் செயலி அயலிலுள்ள புள்ளிகளைத் தம்முட் குழைத்து இரைச்சலைப் போக்குவது. குழைக்குங்கால் மயிரிழைக் கீறலையும் இரைச்சலென்றே கருதித் துடைத்துவிடும். பல படம் கூட்டுவோன் அயலாரைக் கேளான். அதே புள்ளியையே பதினாறு முறை கேட்பான்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு மங்கிய எழுத்தைத் தாமே வரைந்து தரும் செயலிகளும் இப்பொழுது வந்துள்ளன. ஏடு பெயர்த்தோர் சிலர் சிதைந்த இடங்களிலே தம் சொந்த அடியைப் பாடி நிரப்பியதை இடைச்செருகல் என்று பதிப்பாசிரியர்கள் ஒதுக்கினர். அச்செயலிகளின் தொழிலும் அத்தகையதே. கண்டு மகிழ்தற்கு ஆகும். பாடம் துணிதற்கு ஆகாது.

கூட்டிய படத்தைச் சேமித்தபின் மூலப்படங்கள் பதினாறையும் அழித்துவிடுதல் வேண்டா. எத்தனை படம், எந்நாள் எடுத்தது, சராசரியா இடையமா, கட்டளை வாக்கியம் யாது என்பவற்றை ஒரு சிறு எழுத்துக்கோப்பில் உடன் வைக்க. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றுக்குப் பிற்காலத்தில் வழங்க நேரின், பெறுவோர் மீண்டும் தாமே கூட்டிப் பார்க்க அவை உதவும். ஓலைக்கட்டை மறுபடி அவிழ்க்கும் தேவையும் குறையும். அவிழ்க்குந்தோறும் ஓரம் சிறிது உதிர்கின்றதல்லவா?