ரேகையில் தப்பில்லை, மணியில் தப்பு

அஞ்செட்டியைத் தாண்டி ஒகேனக்கல் பக்கம் போகும் மலைப்பகுதியில் இருக்கிறது நாட்றாம்பாளையம். காட்டுக்கு அந்தப்புறம் கர்நாடகம். இதுபோன்ற ஊர்களில் ரேஷன் கடை மிஷினிலோ, வங்கி முகவர் கொண்டுவரும் கருவியிலோ ரேகை விழாவிட்டால் உடனே இரண்டு காரணங்கள் வந்துவிடும். ஒன்று, "வேலை செஞ்சு கை தேஞ்சு போச்சு." இன்னொன்று, "டவர் இல்லை." இரண்டும் பல நேரம் உண்மைதான். ஆனால் மூன்றாவதாக ஒரு ஆசாமி உண்டு, அவர்மேல் யாருக்கும் சந்தேகமே வராது. அவர் கருவிக்குள் ஓடும் கடிகாரம்.

ஆதார் சரிபார்ப்புக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும் ரேகை எடுத்த நேரமும் சேர்ந்தே போகிறது. அந்த நேரம் அனுமதித்த அளவைவிடப் பழையதாக இருந்தால் 561 என்ற பிழை எண் திரும்பி வரும். சர்வரின் மணியைத் தாண்டி எதிர்காலத்தில் இருந்தால் 562. யாரோ ஒருவர் என்றோ பதிந்த ரேகையைச் சேமித்துவைத்து மறுபடி அனுப்பி ஏமாற்றக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கண்டிப்பு. இந்தப் பிழை வந்தால், விரலை எத்தனை முறை துடைத்து வைத்தாலும் பலன் இருக்காது. கருவிகளின் மணியைப் பற்றி நம்மிடையே நிலவும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"நெட் இருந்தால் மணி தானாகச் சரியாகிவிடும்"

மிகப் பரவலான நம்பிக்கை இது. செல்போன் வளர்த்துவிட்ட நம்பிக்கை என்றும் சொல்லலாம். போனுக்கு டவர் மணி சொல்கிறது. எல்லையோரத்தில் போன் கர்நாடக டவரைப் பிடித்தாலும் மணி மாறாது, இரண்டு பக்கமும் ஒரே இந்திய நேரம். ஆனால் தொழிற்சாலையின் சர்வரும், வருகைப்பதிவு மிஷினும், கேமராப் பதிவுப் பெட்டியும் கேட்டால்தான் மணி பெறும். யாரிடம் கேட்பது என்று யாராவது ஒருவர் அதில் எழுதிவைத்திருக்க வேண்டும். கேட்கும் முறையின் பெயர் என்டிபி. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் மில்ஸ் உருவாக்கியது, 1985 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அது போய்வரும் வாசல் 123-ஆம் எண் போர்ட். பாதுகாப்புக்கு என்று ஃபயர்வாலில் அந்த வாசலையும் சேர்த்து அடைத்துவிட்டால், இணையப் பக்கம் எல்லாம் திறக்கும், மணி மட்டும் வராது. எந்த எச்சரிக்கையும் ஒலிக்காது என்பதுதான் இதில் சங்கடம்.

"குவார்ட்ஸ் கடிகாரம் தப்பாது"

ஓசூரில் இதைச் சொன்னால் ஊரே ஆமோதிக்கும். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் கைக்கடிகாரம் செய்த ஊர் அல்லவா! அந்தக் கைக்கடிகாரத்தில் வினாடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் உறவினர்தான், கணினி அணைந்திருக்கும்போது அதன் நேரத்தைக் காப்பதும். மணிக்கட்டில் இருப்பதற்கு உடம்புச் சூடு துணை. வெப்பம் பெரிதாக ஏறி இறங்காது. சர்வர் பெட்டிக்குள் அப்படி இல்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு என்பது மலிவான படிகத்துக்குச் சாதாரணம். கணக்குப் போட்டால் நாளுக்கு 1.7 வினாடி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். இன்னும் மோசம், பக்கத்துப் பெட்டி எதிர்த்திசையில் பிசகலாம். ஒன்று ஓடும், ஒன்று பின்தங்கும். கோளாறு வந்த அன்று இரண்டு பெட்டிகளின் பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பதில் கேள்விக்கு முன்னால் வந்ததாகத் தெரியும். நெட்வொர்க் ஆட்களின் ராத்திரித் தூக்கம் போவது இங்கேதான்.

"தூரத்து சர்வர் சொல்லும் மணி வந்துசேர்வதற்குள் பழசாகிவிடும்"

நியாயமான சந்தேகம். இதற்கு மில்ஸ் கண்ட வழி அழகானது. கேள்வி கிளம்பிய நேரம், சர்வரைச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், திரும்பி வந்த நேரம் என்று நான்கு முத்திரைகள் குத்தப்படுகின்றன. அவற்றைக் கொண்டு என்டிபி பயணத்துக்கு ஆன நேரத்தைக் கழித்துவிட்டுக் கடிகார வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இதில் ஒரே ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: போகும் நேரமும் வரும் நேரமும் சமம். மலைப்பக்கத்து நெரிசலான இணைப்பில் அது சமமாக இருப்பதில்லை. போய்வர 200 மில்லி வினாடி ஆனால், பிழை அதிகபட்சம் அதில் பாதி, 100 மில்லி வினாடி. வருகைப்பதிவுக்கு இது தாராளம்.

செல்போன் டவருக்கு இது போதவே போதாது. 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலைவரிசையில் பேசுவதும் கேட்பதும் ஒரே அலையில், மாறி மாறி நடக்கிறது. பக்கத்து டவர் முறை தவறிப் பேசினால் இந்த டவருக்குக் காது அடைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு டவரும் பொதுவான நேரத்திலிருந்து ஒன்றரை மைக்ரோ வினாடிக்குமேல் விலகக்கூடாது. அந்த நேரத்தில் ஒளியே 450 மீட்டர்தான் போகும். தமிழ்நாடு, கர்நாடகம் என்று தொலைத்தொடர்பு வட்டம் வேறாக இருந்தாலும், எல்லைக்கு இருபுறமும் உள்ள டவர்கள் இந்த ஒழுங்குக்குள்தான் நிற்க வேண்டும். இதற்கு என்டிபி ஆகாது. செயற்கைக்கோள் ஏற்பியும், பிடிபி என்ற நுட்பமான முறையும் வேண்டும்.

"எந்த சர்வரிடம் கேட்டால் என்ன, மணி மணிதானே"

இந்திய நேரத்துக்குச் சொந்தக்காரர் உண்டு: டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், சுருக்கமாக என்பிஎல். அங்கே அணுக் கடிகாரங்கள் அதைக் காக்கின்றன. (1906-ல் இந்திய நேரம் வரும்வரை ரயில்கள் நம் மதராஸ் நேரத்தில் ஓடின, புதிய நேரம் அதைவிட 9 நிமிடம் முன்னே. நாடு முழுக்கத் தந்தியில் மணி அனுப்பிய பெருமை சென்னைக்கு உண்டு என்பதை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்!) 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, நிறுவனங்கள் என்பிஎல் அல்லது தேசிய தகவலியல் மையத்தின் (என்ஐசி) சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடு தங்கள் மணியைப் பொருத்த வேண்டும் என்கிறது. பெரிய ஐடி கம்பெனிக்குத்தான் இது என்று நினைக்க வேண்டாம். சிறு, குறு தொழில்களுக்குச் சேர்த்துக் கொடுத்த அவகாசமே 2022 செப்டம்பர் 25-ல் முடிந்துவிட்டது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறையும் இதற்குள் வரும்.

"தப்பாக இருந்தால் கையால் திருப்பி வைத்தால் போச்சு"

சுவர்க் கடிகாரத்துக்குச் சரி. ஓடும் சர்வரில் மணியைத் திடீரெனப் பின்னால் தள்ளினால், ஒரே நிமிடம் இரண்டு முறை வரும். முன்பே முடிந்த வேலை மறுபடி தொடங்கலாம். அதனால்தான் பழைய என்டிபி மென்பொருள் சிறு பிசகை மெதுவாக இழுத்துச் சேர்க்கிறது. ஒரு வினாடியை அப்படிச் சேர்க்க அரை மணிக்குமேல் ஆகும். பிசகு 1,000 வினாடியைத் தாண்டினால், தனியாகச் சொல்லிவைக்காவிட்டால், அது கையை விரித்து நின்றுவிடும். மதர்போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்த பெட்டி, கரண்ட் போய் வந்ததும் பல வருடம் பின்னால் எழுந்திருப்பது இந்த வகை.

இன்னொன்று, இந்திய சர்வரைப் போட்டுவிட்டால் இந்திய நேரம் வரும் என்பதும் தப்பு. என்டிபி கொண்டுவருவது உலகப் பொது நேரம் மட்டுமே. ஐந்தரை மணியைக் கூட்டுவது கருவியின் வேலை. சீன நேரத்தில் விட்டுவைத்த கேமராப் பெட்டி, வினாடி பிசகாமல் இரண்டரை மணி முன்னால் ஓடும். திருட்டுப் போன மறுநாள் இதைக் கண்டுபிடித்தால் அவசரப்பட்டுத் திருத்திவிடாதீர்கள். சரியான மணி காட்டும் போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு மணியும் தெரியும்படி வேறொரு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசத்தைக் காகிதத்திலும் எழுதி, பதிவை நகல் எடுத்த பிறகே நேரத்தை மாற்றுங்கள்.