குட்டியானை வாங்குமுன்

2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் வெளியிட்ட ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டியை நம்மவர் குட்டியானை என்றே வழங்குவர். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் எம் தோழர் சிலர்க்குக் கல்லூரிக் கட்டணம் ஈட்டித் தருவது இவ்வண்டியே. கைமாறிய வண்டியை வாங்குவோர் அறியவேண்டுவன சில கூறுவாம்.

புகை கரியதாயின் பெரும்பாலும் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கும், செலவு சிறிது. நீலமாயின் எஞ்சின் ஆயில் எரிகின்றது, பிஸ்டன் வளையம் தேய்ந்திருப்பின் எஞ்சினையே பிரித்தல் வேண்டும், செலவு பெரிது. கிளச்சுத் தட்டின் விலையோடு கியர்ப் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியும் சேரும். ஆதலின் இறக்கியபொழுதே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுதல் சிக்கனமாம்.

இவை பணத்தால் தீரும் பிணிகள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் உழைத்த வண்டியின் பிணியோ அடியிற் கிடக்கும். மீன்பெட்டிகளினின்று ஒழுகும் உப்புநீர் தளத்தின் இடுக்கில் தேங்கி, சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தை அரிக்கும்; கடற்காற்றும் அதற்குத் துணை. புதுப் பெயின்ட் பூசியிருப்பின் ஐயுறுக! வெட்கம் விடுத்துக் கீழே படுத்து, சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டுக. ஒலி மந்தமாகித் துருச்செதில் உதிருமேல், எஞ்சின் இனிதே பாடினும் மயங்கற்க. தளத்தகட்டை மாற்றலாம், வில்பட்டை பிணையுமிடத்தில் சட்டம் அரிபட்ட வண்டி எத்துணை மலிவாயினும் வேண்டா.