பால் கொடுக்கும் அம்மா வலி மாத்திரை போடலாமா?



போன மாதம் ஒரு உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்தோம். அந்த வீட்டு மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்து 12 நாள். தையல் போட்ட இடத்தில் வலி. ஆஸ்பத்திரியில் கொடுத்த பாராசிட்டமால் அட்டை பிரிக்காமலே கிடந்தது. "மாத்திரை போட்டா பால்ல இறங்கி புள்ளைக்கு ஆகாதுன்னு அத்தை சொன்னாங்கக்கா" என்றாள். வலியில் உட்கார்ந்து பால் கொடுக்க முடியாமல் புட்டிப்பால் ஆரம்பித்துவிட்டார்கள்!

மாமியார் அக்கறையில் சொன்னதுதான். மாத்திரை பாலில் இறங்கும் என்பதும் உண்மை. ஆனால் எந்த மாத்திரை, எவ்வளவு இறங்கும் என்று பார்க்க வேண்டாமா?

பாராசிட்டமால் பாலில் மிகக் கொஞ்சம்தான் போகும். காய்ச்சல் வந்தால் குழந்தைக்கே டாக்டர் கொடுக்கிற மருந்துதானே அது. இபுபுரூஃபன் அதைவிடக் குறைவாகத்தான் போகும். இந்த இரண்டுக்காகவும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியர் வந்து இதைச் சொன்ன பிறகுதான் அந்த மாமியார் மனசு சமாதானமாச்சு.

அதற்காக இஷ்டத்துக்குப் போடக்கூடாது. டாக்டர் சொன்ன அளவுதான். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறி ஈரலைக் கெடுக்கும். இபுபுரூஃபனைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் போடவே வேண்டாம். குறைமாதக் குழந்தை என்றால் எந்த மாத்திரைக்கும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய பயம், கடையில் "உடம்பு வலி" என்றதும் காகிதத்தில் மடித்துத் தருகிற மாத்திரைகள்தான். நாலு கலர்ல இருக்கும், பேர் இருக்காது. வலிக்கு ஆஸ்பிரின் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றதல்ல. (இதய நோய்க்கு டாக்டர் எழுதித் தரும் சின்ன அளவு வேறு விஷயம், அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.) டிராமடால், கோடீன் இன்னும் ஆபத்து. கோடீன் சில இருமல் டானிக்கிலும் உண்டு. சில பெண்களின் உடம்பு இவற்றை வேகமாக வீரியமுள்ள பொருளாக மாற்றிவிடும். அது பால் வழியே போய்க் குழந்தையின் மூச்சையே அடக்கிவிடலாம். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இந்த இரண்டும் வேண்டாம் என்று 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. அதனால் கடையில் அட்டையோடு கேட்டு வாங்குங்கள். "பால் கொடுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இதில் வெட்கம் எதற்கு? பேர் படிக்க வராவிட்டால் அட்டையைச் செவிலியரிடம் காட்டலாம்.

அம்மா மாத்திரை போட்ட பிறகு குழந்தை வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கி, எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.