பாராளுமன்றத்தின் ஒருநாள் அலுவலும் நமது காணிப் பிரச்சினையும்

நமது நாட்டின் பாராளுமன்றம் 1982 முதல் கோட்டேயில் இயங்கி வருகின்றது. உறுப்பினர்கள் 225 பேர். சபை கூடும் நாளில் நடக்கவேண்டிய அலுவல்கள் 'ஒழுங்குப் பத்திரம்' என்னும் தாளிலே தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வரிசையாக வெளியாகும்.

காணியை விட்டு இடம்பெயர்ந்த நாம் இதனை ஏன் அறிய வேண்டும்? சட்டமூலங்கள் மீதான விவாதம் தொடங்கு முன்னரே, நமது குறை நுழையக்கூடிய இரு வாசல்கள் வழக்கமாக அதில் உள்ளன.

ஒன்று, மனுக்கள். நாம் கையொப்பமிட்ட மனுவை ஓர் உறுப்பினர் சபையில் சமர்ப்பிக்கலாம். அது பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குச் செல்லும். குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம்.

மற்றையது, வாய்மூல வினாக்கள். உறுப்பினர் வினாவை முன்னரே எழுத்தில் கொடுப்பார். அமைச்சர் சபையில் பதில் கூறுவார். அவகாசம் கேட்பதும் உண்டு. அப்போது வினா வேறொரு நாளுக்குத் தள்ளிப்போகும். கூறிய பதில் ஹன்சாட்டில் பதிவாகும். பின்னர் கச்சேரியில் அதனைக் காட்டிப் பேசலாம்.

"எங்கள் காணி எப்போது கிடைக்கும்?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். ஆகவே கிராம அலுவலர் பிரிவு, குடும்பங்களின் தொகை, காணியின் பரப்பு, உறுதி அல்லது அனுமதிப்பத்திர இலக்கம், வெளியேறிய திகதி, காணி இப்போது யார் கையில் உள்ளது என்பவற்றை எழுதிக் கொடுப்போம். பிரதியொன்றைச் சங்கத்தில் வைத்துக்கொள்வோம்.

ஒரே மனுவால் காணி திரும்பிவிடாது. நற்செய்தியிலே நீதிபதியை விடாது நாடிய கைம்பெண்ணைப் போல நாமும் தொடர்ந்து கேட்போம்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட: நமது கிராமத்தின் முதல் வினா எது? அதனை எந்த உறுப்பினரிடம் கொடுக்கலாம்?