அதிர்வைக் கொடுத்து எண்ணெய் எடுப்பது: எந்த முறை, எந்தக் கிணற்றுக்கு?

1952 ஜூலை 21 அன்று கலிஃபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தைப் பெரும் நிலநடுக்கம் ஒன்று உலுக்கியது. அதன்பின் அங்கே சில கிணறுகளில் எண்ணெய் வரத்து கூடியதாகப் பதிவுகள் உண்டு. பூமி செய்ததை நாமே செய்தால் என்ன என்று சோவியத் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் முயன்றார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகமும் அதில் இறங்கியது. இன்று இதற்கான கருவிகள் பலவிதம். எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எண்ணெய் எங்கே சிக்கியிருக்கிறது என்று பாருங்கள்.

ஒரே அடுக்கில் பக்கத்துக் கிணறுகள் நன்றாகத் தர, ஒன்று மட்டும் திடீரென்று இளைத்துப்போகிறதா? அழுத்தச் சோதனையில், கிணற்றை ஒட்டிய பாறையில் ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் ‘ஸ்கின்’ மதிப்பும் ஏறியிருக்கிறதா? அப்படியானால் கிணற்றைச் சுற்றிய பாறையில் மெழுகோ, துளையிட்டபோது புகுந்த சேறோ அடைத்திருக்கிறது. இதற்கு மீயொலிக் கருவி பொருத்தம். கேபிளில் கட்டி இறக்கி, 20,000 ஹெர்ட்ஸ் அளவில் அதிரவிட்டால் அடைப்பு கழன்றுகொள்ளும். அமிலம் ஊற்றி, அது நீர் வரும் பாதையைத் திறந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதன் கை நீளாது. ஒலி நொடிக்கு 3,000 மீட்டர் ஓடும் பாறையில் அந்த அதிர்வெண்ணின் அலைநீளம் 15 சென்டிமீட்டர்தான். கொஞ்ச தூரத்திலேயே பாறை அதை விழுங்கிவிடும். ‘மீயொலியால் எண்ணெய் வயல் முழுவதும் உற்பத்தி பெருகும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வயல் முழுக்கவே எண்ணெயைவிடத் தண்ணீர் அதிகம் வருகிறது என்றால் நோய் வேறு. பாறைத் துளைகளின் குறுகிய கழுத்துகளில் எண்ணெய்த் திவலைகள் நுண்புழை விசையால் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே 20 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வுதான் எட்டும். அதே பாறையில் அதன் அலைநீளம் 150 மீட்டர். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இகோர் பெரெஸ்னேவ் காட்டிய கணக்கும் இதுதான்: அதிர்வெண் குறைவாகவும் வீச்சு பெரிதாகவும் இருந்தால் திவலை நகரும். ஆனால் பின்னாலிருந்து தள்ள நீரோட்டம் வேண்டும். ஓட்டமில்லாத வயலில் திவலை இருந்த இடத்திலேயே ஆடும், அவ்வளவுதான்.

இந்தத் தாழ்ந்த அதிர்வைத் தர மூன்று வழிகள். தரையில் அதிர்வு லாரியை நிறுத்துவது பார்க்கப் பிரமாதம். ஆனால் மேல்மண்ணே பெரும்பங்கு சக்தியைத் தின்றுவிடும். ஆழம் குறைந்த வயலுக்கு மட்டும் யோசிக்கலாம். மூடிக்கிடக்கும் கிணறு கைவசம் இருந்தால், அதன் அடியில் திரவத்தை அழுத்திப் பட்டென்று விடுவிக்கும் மோதல் கருவியைப் பொருத்தலாம். ஏற்கெனவே நீர் செலுத்தி வரும் வயலில், அந்த நீரையே விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் முறையைத்தான் நான் முதலில் சோதிக்கச் சொல்வேன். புதிய கிணறு தேவையில்லை, வேலையும் நிற்காது.

தார்போலக் கெட்டியான எண்ணெய்க்கு இவை எதுவும் முதல் தேர்வல்ல. அதே கெர்ன் மாவட்டத்தின் கெர்ன் ரிவர் வயலில் நீராவிதான் எண்ணெயை இளக்கி வெளியே கொண்டுவருகிறது.

எதைத் தேர்ந்தாலும் ஒப்பந்தத்தில் மூன்றை எழுதி வாங்குங்கள். கருவி வருவதற்கு முந்தைய சில மாதக் கணக்கு கையில் இருக்க வேண்டும். சோதனைக் காலத்தில் பம்பை மாற்றக்கூடாது. நடுவே கருவியை நிறுத்தி, உற்பத்தி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.