ஒரே மரத்துப் பேரிக்காய்

சாரல் சீசனில் குற்றாலத்தில் வாங்கிய பேரிக்காயின் விதையை வீட்டுல நட்டு வைத்தேன். "நம்ம ஊரு சூட்டுல அது வராதுளா"ன்னு ஆச்சி சொன்னாங்க. சரிதான். பேரி மரத்துக்குக் குளிர்காலத்தில் நல்ல குளிர் வேணும். அதனாலதான் கொடைக்கானல், நீலகிரியில் விளையுது.

ஆனா குளிர் இருந்தாலும் விதையிலிருந்து அதே பழம் கிடைக்காது! மகரந்தம் வேறு ரக மரத்திலிருந்து வருவதால் குணம் மாறிவிடும். அதனால் தாய்மரத்துக் குச்சியை வேறு செடியில் ஒட்டுக் கட்டுகிறார்கள், நம்ம ஒட்டு மாங்கன்று மாதிரி.

வில்லியம்ஸ் என்ற பழைய பேரி ரகம் இங்கிலாந்தில் ஆல்டர்மாஸ்டன் என்ற ஊரில் சுமார் 1770-இல் ஒரு பள்ளி ஆசிரியரிடம் வளர்ந்தது. (ஆனா பேரு வாத்தியாருக்கு இல்லை, நாற்றுப்பண்ணைக்காரருக்கு!) அமெரிக்காவில் இதையே பார்ட்லெட் என்பார்கள். இன்றைய வில்லியம்ஸ் மரங்கள் எல்லாம் அந்த ஒரே மரத்துக் குச்சியின் வழிவந்தவை. ஒட்டுக் கட்ட ஆளில்லாத ரகம் என்றால், கடைசி மரம் பட்டுப்போனதும் அதோடு போச்சு. டப்பா நிறைய விதை இருந்தாலும் அந்த ருசி திரும்பி வராது.