வீட்டுக்கு வந்த நாயும் நாம் நம்பும் பொய்களும்

புதுக் குட்டி முதல் ராத்திரி ஊளையிட்டால், "இது வீட்டுக்கு ஆகாது, கொண்டு போய் விட்டுடு" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லால் மறுநாளே தெருவுக்குத் திரும்பிய குட்டிகள் உண்டு. ஊளை சாவைக் கூப்பிடும் என்ற பயம்தான் காரணம். ஊளைக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை. நேற்றுவரை தாயின் வயிற்றையும் கூடப்பிறந்த குட்டிகளின் சூட்டையும் ஒட்டிக் கிடந்த உயிர், முதல் முறையாகத் தனியே படுக்கிறது. துணைக்குக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். "அழுது ஓயட்டும், தானாகப் பழகும்" என்று மாடிப்படிக்கு அடியில் கட்டிப் போடுவதும் தவறுதான். உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி, அதில் மடித்துப் போட்ட பழைய சேலை போதும். சிணுங்கினால் கையை நீட்டித் தொடுங்கள். தைரியம் வந்தபின் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொள்ளலாம்.

"மூத்திரத்தில் மூக்கைத் தேய்த்தால் புத்தி வரும்" என்பது அடுத்தது. நாய் வளர்ப்பில் நான் அடியோடு வெறுக்கும் அறிவுரை இது. செய்த காரியத்துக்கும் கிடைக்கும் தண்டனைக்கும் நடுவே சில நொடிகளுக்கு மேல் ஆகிவிட்டால், நாய்க்கு இரண்டும் வேறு வேறு. அதற்குப் புரிவதெல்லாம், ஈரத்தரையும் இந்த மனிதரும் ஒன்றாக இருந்தால் ஆபத்து என்பது மட்டும். அதனால் அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போய்விட்டு வரும்.

"அதுக்குத் தப்பென்று தெரியும், மூஞ்சியைப் பாருங்கள்" என்பார்கள். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2009-ல் வெளியிட்டார். தீனியைத் தொடக்கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்வார்கள். சொன்னது எல்லா முறையும் உண்மையாக இருக்காது. நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்றவாளி முகத்துக்கும் தொடர்பு இல்லை. உரிமையாளர் திட்டியபோதுதான் அந்த முகம் வந்தது. ஒன்றுமே செய்யாத நாயும் திட்டு வாங்கும்போது அப்படித்தான் ஒடுங்கி நின்றது. நாம் குற்றவுணர்ச்சி என்று படிப்பது பயத்தை.

மூக்கைத் தேய்ப்பதற்குப் பதில், குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அது அங்கே சிறுநீர் கழித்த நொடியிலேயே பாராட்டும் ஒரு துண்டு தீனியும் கொடுங்கள். மூன்று மாதக் குட்டியால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. ராத்திரியிலும் ஒரு முறை எழுந்துதான் ஆக வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்தது, "யார் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டும்" என்ற நம்பிக்கை. மல்லாக்கப் புரட்டி அழுத்துவதும் கழுத்தைப் பிடித்து உலுக்குவதும் இதில் பிறந்தவை. இதன் வேர் 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல், மிருகக்காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வு. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஓரிடத்தில் அடைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய புத்தகம் அந்தத் தலைவன் கருத்தை உலகெங்கும் பரப்பியது. அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கூடவே இருந்து கவனித்துவிட்டு, 1999-ல் திருத்தி எழுதினார்: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், அவற்றின் பிள்ளைகள். அங்கே பதவிச் சண்டை இல்லை, குடும்பம்தான் இருக்கிறது. எழுதியவரே கைவிட்ட கருத்தை நாம் இன்னும் குட்டிகளின் கழுத்தில் பிரயோகிக்கிறோம்.

சோற்றுத் தட்டருகே போனால் நாய் உறுமுகிறதா? அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். பிறகு சத்தமில்லாமல் கடிக்கும். தட்டைப் பிடுங்குவதற்குப் பதில், சற்றுத் தள்ளி நடந்து போகும்போது ஒரு கறித்துண்டைத் தட்டுப் பக்கம் போடுங்கள். மனிதர் வந்தால் சோறு குறையாது, கூடும் என்று அது தெரிந்துகொள்ளட்டும். அதுவரை குழந்தைகள் அந்தப் பக்கம் போகவே கூடாது. கறி தின்றால் மூர்க்கம் ஏறும் என்பதும் பொய்தான். பசியும் பயமும் நாள் முழுக்கக் கட்டிய சங்கிலியும் ஏற்றுகிற மூர்க்கம் அது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று வளர்ந்த நாயைத் தத்தெடுக்கத் தயங்குகிறார்கள். வளர்ந்த நாய் நன்றாகவே கற்கும். சிறுநீரை அடக்கும் திறன் இருப்பதால் வீட்டுப் பழக்கம் குட்டியைவிடச் சீக்கிரம் வந்துவிடலாம். அந்தப் பழமொழியில் ஒரு துளி உண்மை உண்டு: மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம்வரை பார்க்கும் மனிதர்கள், சத்தங்கள், வண்டிகள் குட்டிக்கு எளிதில் இயல்பாகிவிடும். அதற்காக முப்பது நாள் குட்டியைப் பிரித்துக் கொண்டுவருவது கொடுமை. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவைதான் கற்றுக்கொடுக்கின்றன. எட்டு வாரமாவது தாயோடு இருக்கட்டும்.

தீபாவளி வெடிக்கு நடுங்கும் நாயை அணைத்தால் பயம் அதிகமாகும் என்பதையும் நம்பாதீர்கள். பயம் நடிப்பல்ல, தட்டிக்கொடுத்தால் வளர்வதற்கு. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள்.

கடைசியாக, உயிரைப் பறிக்கும் நம்பிக்கை ஒன்று: "வீட்டுக்குள்ளேயே வளர்கிற குட்டிக்கு எதற்கு ஊசி? அதன் பல் பட்டால் என்ன ஆகும்?" மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும். குட்டியின் பல்லோ நகமோ தோலைக் கீறினால் மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாக யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. அதற்கு முன்பே முறையாகப் போட்டுக்கொள்ளும் ஊசி காப்பாற்றிவிடும்.